19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெண் வரலாற்றாசிரியர்கள்: மேரி ஆன் எவரெட் கிரீனின் ஆவணப்பணி

வரலாற்றெழுதியலைக் கற்பிக்கும் நம் துறைகளில் பொதுவாக ஒரு வரிசை பின்பற்றப்படுகிறது. ஹெரோடோட்டஸில் தொடங்கி, இப்னு கல்தூனைத் தொட்டு, 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரான லியோபோல்ட் ஃபான் ராங்கேயிடம் வந்து நிற்பது அவ்வரிசை. மூல ஆவணங்களைத் தேடிச் சென்று, சோதித்து, அவற்றின் வாயிலாகவே வரலாறு எழுதப்பெற வேண்டும் என்னும் நெறி அவராலும் அவருடைய பெர்லின் கருத்தரங்க வகுப்பாலும் நிலைபெற்றது என மாணவர்க்குக் கூறுகிறோம். கூற்று பிழையன்று, ஆனால் முழுமையும் அன்று. ராங்கேயின் மாணவர்கள் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்களாக அமர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேரும் உரிமையும் இல்லாத பெண்கள் சிலர் இலண்டனிலும் பாரிசிலும் ஆவணக் கட்டுகளை அவிழ்த்துப் படித்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான மேரி ஆன் எவரெட் கிரீன் 41 தொகுதிகளைப் பதிப்பித்தவர். அவருடைய பணியை முதன்மையாகக் கொண்டு, 'ஆவணத்தைத் தொகுப்பவர் வேறு, வரலாற்றை எழுதுபவர் வேறு' என்னும் பாகுபாடு யாரை மறைத்தது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

கல்விச் சூழலை முதலில் சுருக்கமாக நினைவுகூர்தல் நலம். இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்தது 1878இல். ஆக்ஸ்ஃபோர்டு 1920ஆம் ஆண்டு வரையும் கேம்பிரிட்ஜ் 1948ஆம் ஆண்டு வரையும் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கவில்லை. ஆகவே 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வரலாறு எழுதிய ஆங்கிலப் பெண்கள் வீட்டில் பயின்றவர்கள். தந்தையின் நூலகத்தில் படித்தவர்கள். எழுதிப் பொருளீட்ட வேண்டிய நிலையில் இருந்தவர்களும் அவர்களுள் பலர். போரையும் அரசியலமைப்பையும் ஆடவர் எழுத, அரசியரின் வாழ்க்கையைப் பெண்கள் எழுதலாம் என்பது அக்காலப் பதிப்புலகின் எழுதப்படாத விதி. அமெரிக்காவில் மெர்சி ஓடிஸ் வாரன் 1805இல் அமெரிக்கப் புரட்சியின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது அவ்விதிக்கு விலக்கு. இங்கிலாந்தில் லூசி ஐகின் 1818இல் முதலாம் எலிசபெத் அரசியின் அவைக்களம் பற்றிய நூலை வெளியிட்டபோது, அவ்விதிக்குள் நின்றபடியே அதன் எல்லையை விரிக்கும் வழியைக் காட்டினார்.

அவ்வழியில் மிகுந்த புகழ் பெற்றவர்கள் ஸ்டிரிக்லண்ட் சகோதரிகள். ஆக்னஸ் ஸ்டிரிக்லண்டும் அவருடைய தமக்கை எலிசபெத்தும் இணைந்து எழுதிய 'இங்கிலாந்து அரசியரின் வரலாறுகள்' 1840 முதல் 1848 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. நூலின் முகப்பில் ஆக்னஸின் பெயர் மட்டுமே இருந்தது. ஏறத்தாழச் சரிபாதியை எழுதிய எலிசபெத், தம் பெயரை அச்சிடக் கூடாதென்று தாமே மறுத்துவிட்டார். இது அடக்கமா, அக்காலப் பெண்ணுக்குப் புகழ் ஒரு சுமையே என்னும் கணிப்பா என்பதை இன்று அறுதியிட்டுக் கூற இயலாது. எவ்வாறாயினும் பின்வந்த நூலகப் பட்டியல்களில் அவருடைய பங்கு பெரும்பாலும் மறைந்துபோயிற்று.

அச்சகோதரிகள் சந்தித்த முதல் தடை பெயரைப் பற்றியதன்று, நுழைவைப் பற்றியது. அரசு ஆவணங்கள் வைக்கப்பட்டிருந்த அலுவலகத்தில் படிக்க உள்துறை அமைச்சரின் இசைவு வேண்டும். அப்போது அப்பதவியில் இருந்தவர் ஜான் ரஸ்ஸல் பிரபு. அவர் இசைவு தர மறுத்தார். தம் முன்னோரான வில்லியம் ரஸ்ஸல் பிரபுவின் வரலாற்றை 1819இல் எழுதி வெளியிட்டவர் அவர் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். மூல ஆவணத்தின் அருமை அறியாதவர் மறுக்கவில்லை, அறிந்தவரே மறுத்தார். 1839இல் நார்மன்பி பிரபு அப்பொறுப்புக்கு வந்தபின் கதவு திறந்தது. 1844இல் சகோதரிகள் பிரான்சுக்குச் சென்றபோது, வரலாற்றாசிரியரும் அந்நாட்டு வெளியுறவு அமைச்சருமான கீஸோ அங்குள்ள ஆவணங்களைப் பார்வையிட உதவினார். சொந்த நாட்டில் மன்றாடிப் பெற்றது அயல்நாட்டில் எளிதாகக் கிட்டியது.

அந்நூல் குறையற்றது என நாம் கூற முற்படவில்லை. அரச குலத்தின்மீது ஆக்னஸுக்கு இருந்த பற்று பல பக்கங்களில் ஆய்வுணர்வை வென்றுவிடுகிறது. செவிவழிக் கதையும் கணக்கேட்டுச் செய்தியும் ஒரே தொனியில் அருகருகே நிற்கின்றன. ஆயினும் அரண்மனை ஆடைக் கணக்குகள், வீட்டுச் செலவேடுகள், தனிக் கடிதங்கள் ஆகியவற்றை வரலாற்றுச் சான்றாக ஏற்று அவற்றைத் தேடிச் சென்றமை அக்காலத்தில் புதுமை. இன்று சமூக வரலாறு என்றும் அன்றாட வாழ்வின் வரலாறு என்றும் நாம் வகுத்துக் கற்பிக்கும் துறைகளின் சான்று மூலங்கள் இவைதாமே.

மேரி ஆன் எவரெட் கிரீன் வேறுவகைப்பட்டவர். 1818இல் ஷெஃபீல்டு நகரில் வெஸ்லியன் மெதடிஸ்ட் சமயப் பணியாளர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். பிறப்புப் பெயர் மேரி ஆன் எவரெட் வுட். 1841இல் குடும்பம் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தபின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் பிற நூலகங்களிலும் பழஞ்சுவடிகளைப் படிக்கத் தொடங்கினார். 1845இல் ஓவியரான ஜார்ஜ் பைகாக் கிரீனை மணந்தார். கணவர் ஓவியப் பயிற்சிக்காகப் பாரிசிலும் ஆண்ட்வெர்ப்பிலும் தங்கிய நாள்களில் மனைவி அந்நகரங்களின் ஆவணங்களை ஆராய்ந்தார். ('ஆங்கில மக்களின் சுருக்க வரலாறு' எழுதிய ஜான் ரிச்சர்ட் கிரீனும் அவர் மனைவியான வரலாற்றாசிரியர் ஆலிஸ் ஸ்டாப்ஃபோர்டு கிரீனும் வேறு, கிரீன் என்னும் பெயரைக் கண்டு மாணவர் மயங்குவதுண்டு.)

1846இல் அவர் வெளியிட்ட முதல் நூல், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் மேரி அரசியின் ஆட்சி முடிவு வரை பெண்கள் எழுதிய கடிதங்களின் தொகுப்பு. அது மூன்று தொகுதிகளைக் கொண்டது. 'அரச குலத்தவரும் புகழ்பெற்றவருமான பெண்கள்' என்று தலைப்பு கூறினும், எட்டாம் ஹென்றியின் காலத்தில் மடங்கள் கலைக்கப்பட்டபோது தாமஸ் கிராம்வெல்லுக்கு முறையிட்டு எழுதிய மடத்துத் தலைவியரின் கடிதங்கள் போன்றவையும் அதில் உண்டு. இலத்தீன், பிரெஞ்சு மொழிகளில் இருந்தவற்றை மொழிபெயர்த்தும், ஒவ்வொரு கடிதத்திற்கும் எழுதியவர் யார், எச்சூழலில் எழுதினார் என்னும் முன்குறிப்புச் சேர்த்தும் பதிப்பித்தார். அடுத்து 'இங்கிலாந்து இளவரசியரின் வரலாறுகள்' 1849 முதல் 1855 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. எவரும் காணாத ஆவணங்களை, மந்திரத்தால் கட்டுண்டு மீட்பரை எதிர்நோக்கும் இளவரசிகளுக்கு ராங்கே ஒப்பிட்டதுண்டு. பானி ஸ்மித் 1998இல் வெளியிட்ட, வரலாற்றுத் துறையின் பாலினத் தன்மை பற்றிய நூலில் இதனைச் சுட்டிக்காட்டியுள்ளார். இலண்டனிலோ இளவரசியரின் மெய்யான ஆவணங்களை ஒரு பெண் அமர்ந்து படியெடுத்துக்கொண்டிருந்தார்.

இளவரசியர் பற்றிய அந்நூல், அரசு ஆவணக் காப்பகத்தின் துணைத் தலைவரான சர் பிரான்சிஸ் பால்கிரேவின் கவனத்தை ஈர்த்தது. அவருடைய பரிந்துரையின்மேல், ஆவணங்களுக்குப் பொறுப்பான நீதிபதி சர் ஜான் ரோமிலி 1854இல் கிரீனைப் பணிக்கு அழைத்தார். சிதறிக் கிடந்த அரசு ஆவணங்களைக் காலமுறைப்படுத்திச் சுருக்கக் குறிப்புகளுடன் அச்சிடும் பெருந்திட்டம் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கெனத் தொடக்கத்தில் அமர்த்தப்பட்ட பதிப்பாசிரியர்களுள் அவர் ஒருவரே பெண். மணமான பெண்ணின் உழைப்பூதியம் சட்டப்படி கணவனுக்கே உரியதாக இருந்த காலம் அது. அந்நிலையை மாற்றிய முதற்சட்டம் 1870இல்தான் வந்தது. எனவே பணியில் சேர்ந்து 16 ஆண்டுகள்வரை அவர் ஈட்டிய பொருள் சட்டத்தின் கண்ணில் அவருடையதன்று.

இத்தொகுப்புகளை ஆங்கிலேயர் 'காலண்டர்' என்பர். சுவரில் மாட்டும் நாள்காட்டியன்று. ஆவணங்களை நாள்வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றையும் எழுதியவர், பெற்றவர், இடம், நாள், பொருட்சுருக்கம் எனத் தரும் அட்டவணை நூல். தமிழாய்வாளர்க்கு இதனை விளக்க அருகிலேயே ஓர் ஒப்புமை உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் ஊர், கோயில், அரசன், ஆட்சியாண்டு, மொழி, செய்திச் சுருக்கம் என்று ஒவ்வொரு கல்வெட்டையும் எவ்வாறு பதிவு செய்கின்றனவோ, ஏறத்தாழ அவ்வாறே. முழுப் பாடமும் அச்சேறாத கல்வெட்டுகளுக்கு இன்றும் நாம் அச்சுருக்கத்தையே நம்பி நிற்கிறோம். அதனை எழுதியவர் 'தேவதானம்' என்பதை எவ்வாறு புரிந்துகொண்டார் என்பதைப் பொறுத்தே நம் முடிவும் அமைகிறது.

சுருக்கம் எழுதுதல் எழுத்தர் பணி போலத் தோன்றலாம். செய்து பார்த்தவர் அவ்வாறு சொல்லார். 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கவே தனிப்பயிற்சி வேண்டும். நாளிடாத கடிதங்கள் மிகப் பல. அவற்றில் ஒருவர் எப்பட்டத்தால் அழைக்கப்படுகிறார், அப்பட்டம் அவருக்கு எவ்வாண்டு கிடைத்தது, குறிப்பிடப்படும் நோயாளி எப்போது இறந்தார் என்றெல்லாம் துருவி ஆண்டை உய்த்துணர வேண்டும். நாளிட்ட கடிதமும் எளிதன்று. 1752ஆம் ஆண்டுவரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25ஆம் நாள். முதலாம் சார்லஸ் மன்னன் தலை துண்டிக்கப்பட்ட நாளை அக்கால ஆவணங்கள் 1648 சனவரி 30 என்று குறிக்கும். நமக்கு அது 1649. சனவரி, பிப்ரவரி மாதக் கடிதம் ஒன்றைத் தவறான ஆண்டில் வைத்துவிட்டால் காரணம் காரியமாகவும் காரியம் காரணமாகவும் தலைகீழாகிவிடும். ஆக, காலவரிசைப்படுத்துதல் என்பதே ஒரு வரலாற்று முடிவு. எதனை ஒரு வரியில் சுருக்குவது, எதனை ஒரு பக்கம் தருவது, எப்பெயரைச் சொல்லடைவில் சேர்ப்பது என்பனவும் அத்தகையனவே.

கிரீன் இம்முடிவுகளை 40 ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருந்தார். முதலாம் ஜேம்ஸ் ஆட்சிக்கால ஆவணங்கள் 1857 முதல் 1859க்குள் நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. அடுத்து இரண்டாம் சார்லஸின் ஆட்சித் தொடக்கம். பின்னர் ராபர்ட் லெமன் தொடங்கிவைத்த எலிசபெத் காலத் தொகுதிகளின் நிறைவும் பின்னிணைப்பும். அதன்பின் 1649 முதல் 1660 வரையிலான குடியரசுக் காலத்திற்கு 13 தொகுதிகள். இவற்றினிடையே 1857இல் ஹென்ரியட்டா மரியா அரசியின் கடிதங்களையும் பதிப்பித்தார். அவை பெரும்பாலும் பிரெஞ்சு, ஆங்கிலக் காப்பகங்களிலிருந்து திரட்டி மொழிபெயர்க்கப்பட்டவை. 1895 நவம்பரில் அவர் இலண்டனில் காலமானபோது அரசு ஆவணத் தொகுதிகள் மட்டும் 41. பிள்ளைகளையும் வளர்த்தார், மகள் ஈவ்லின் எவரெட் கிரீன் பின்னர் சிறுவர் நாவலாசிரியராகப் பெயர் பெற்றார்.

தொகுதிகளின் முகப்பில் அவர் பெயருக்குக் கீழே, 'இங்கிலாந்து இளவரசியரின் வரலாறுகள்' என்னும் நூலின் ஆசிரியர் என்ற குறிப்பு காணப்படும். இது விளம்பரம் போலத் தோன்றினும், தம்மைத் தொகுப்பாளராக மட்டும் அவர் கருதவில்லை என்பதற்குச் சான்றாகவும் நாம் இதனைக் கொள்ளலாம்.

இனி இத்தொகுதிகளின் பயன் யாருக்குச் சென்றது என்பதைக் காண்போம். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரலாற்றை எழுதியவர்களுள் தலையாயவராகப் போற்றப்படுபவர் சாமுவெல் ராசன் கார்டினர். 1603ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும் அவருடைய வரலாற்றின் முதற்பகுதி 1863இல் வெளிவந்தது. கிரீனின் ஜேம்ஸ் காலத் தொகுதிகள் முடிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. குடியரசுக் கால வரலாற்றை அவர் 1894இல் வெளியிடத் தொடங்கினார். அக்காலத்திற்குரிய கிரீனின் 13 தொகுதிகளும் அதற்கு முன்பே கைக்கெட்டும் நிலையில் இருந்தன. கார்டினர் மூல ஆவணங்களைத் தாமே படித்தவர். அவருடைய நேர்மையில் ஐயமில்லை. ஆயினும் எக்கட்டில் எது உள்ளது என்பதை முன்சென்று பார்த்து வழி வகுத்தவர் கிரீன். ஆண்டாண்டாக நகரும் கார்டினரின் நடைக்கும் நாள்நாளாக நகரும் கிரீனின் தொகுதிகளுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானதென்று நமக்குத் தோன்றவில்லை.

எனினும் கார்டினர் வரலாற்றாசிரியர், கிரீன் தொகுப்பாசிரியர். 1886இல் ஆங்கில வரலாற்று ஆய்விதழ் தோன்றி, பல்கலைக்கழகத் துறைகள் வலுப்பெற்றபோது இப்பாகுபாடு இறுகியது. எடுத்துரைப்பதும் விளக்குவதும் வரலாறு. தேடுவதும் படிப்பதும் அடைவு செய்வதும் உதவி. பெண்களுக்குப் பல்கலைக்கழகப் பதவி இல்லாதிருந்த காலத்தில் இவ்வரையறை எழுந்ததால், அவர்கள் செய்த பணி தானாகவே வரலாற்றுக்கு வெளியே நின்றது. லூசி டூல்மின் ஸ்மித்தும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தந்தை முடிக்காது விட்டுச்சென்ற ஆங்கிலத் தொழிற்குழுக்கள் பற்றிய ஆவணத் தொகுதியை 1870இல் நிறைவு செய்தவர் அவர். 1885இல் யார்க் நகர நாடகங்களைப் பதிப்பித்தார். 1894இல் ஆக்ஸ்ஃபோர்டு மான்செஸ்டர் கல்லூரியின் நூலகராகச் சென்றார். பதிப்பாளர், நூலகர் என்றே அறியப்பட்டார்.

தமிழ்க் கல்வியுலகினர்க்கு இப்பாகுபாடு சற்று வியப்பளிக்கக்கூடும். நம் மரபில் பதிப்பாசிரியர் இரண்டாம் நிலையினர் அல்லர். 1887இல் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தனர். கிரீனின் குடியரசுக் காலத் தொகுதிகள் நிறைவெய்தியதும் ஏறத்தாழ அப்போதே. ஏடு தேடியமை, பாடம் ஒப்பிட்டமை, சிதைந்த இடத்தை உய்த்துணர்ந்தமை ஆகியவற்றுக்காகவே அவ்விருவரையும் தமிழுலகம் தலைமேல் வைத்துப் போற்றுகிறது. பதிப்பித்தலே அவர்களின் புலமைக்குச் சான்று. அதே உழைப்பை இங்கிலாந்தில் ஒரு பெண் செய்தபோது அது உதவிப் பணியாயிற்று. பண்பாட்டு வேறுபாடு ஒரு காரணமாகலாம். ஆனால் நம்மிடையிலும் இலக்கியப் பதிப்புக்குத் தரும் மதிப்பை அடைவு நூலுக்கும் நூற்பட்டியலுக்கும் நாம் தருவதில்லை. அடைவு தொகுத்தவரைப் பதவி உயர்வுக்குழு எவ்வாறு மதிப்பிடுகிறது என்பதைத் துறையில் உள்ளோர் அறிவர்.

கிரீனின் தொகுதிகளுக்கும் குறைகள் உண்டு. ஜேம்ஸ் காலத்துச் சுருக்கங்கள் மிகக் குறுகியவை. ஒரு நீண்ட கடிதம் ஒன்றரை வரியில் முடிந்துவிடும். இதற்கு அவரை மட்டும் குறைகூற இயலாது. தொடக்ககாலத் தொகுதிகள் சுருங்கியே அமைய வேண்டும் என்பது திட்டத்தின் போக்கு. ஆனால் விளைவு விளைவே. சுருக்கத்தை மட்டும் படித்து மூலத்தைப் படித்ததாக மேற்கோள் காட்டும் வழக்கம் வேரூன்றியதற்கு இத்தொகுதிகளின் வசதியே ஒரு காரணம். நாம் திருத்திய ஆய்வேடுகளிலும் இதனைக் கண்டிருக்கிறோம்: அடிக்குறிப்பில் தொகுதியின் பெயரும் பக்கமும் இருக்கும், பதிப்பாசிரியர் பெயர் இராது. சுருக்கம் ஆவணமாகவே கருதப்பட்டுவிடுவதால், அதனை எழுதியவர் ஒருவர் உண்டு என்பதே மறந்துபோகிறது. பதிப்பாசிரியர் பெயரைக் குறிப்பிடுதல் மரியாதையைப் பொறுத்தது மட்டுமன்று, சான்றுச் சோதனையைச் சார்ந்தது. யார் கண்ணால் காண்கிறோம் என்பது தெரிந்தால்தான் அக்கண் எதனைக் காணாது விட்டது என்று கேட்க இயலும்.

கிரீனுக்குப்பின் அப்பணி அவர் குடும்பத்திலேயே தொடர்ந்தது. அவருடைய உறவுமகளான சோஃபியா கிராஃபோர்டு லோமாஸ், கார்லைல் தொகுத்த கிராம்வெல் கடிதங்களை 1904இல் திருத்திப் பதிப்பித்தார். போஹீமியா அரசி எலிசபெத் பற்றிக் கிரீன் எழுதியிருந்த வரலாற்றையும் 1909இல் திருத்தி வெளியிட்டார்.

இப்பகுதி நாடுகளில் வரலாறு பயில்வோர்க்கு இன்னொரு பெயர் மேலும் அணுக்கமானது. கிரீன் உள்நாட்டு ஆவணங்களைத் தொகுத்த அதே திட்டத்தில், கிழக்கிந்தியா பற்றிய ஆவணங்களை 1634ஆம் ஆண்டுவரை ஐந்து தொகுதிகளாகத் தொகுத்தவர் வில்லியம் நோயல் சேன்ஸ்பரி. அவர் நிறுத்திய இடத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர் அவையின் நடவடிக்கைக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, 1635 முதல் 1679 வரையிலான காலத்துக்கு 11 தொகுதிகள் உருவாக்கியவர் அவருடைய மகள் எத்தெல் புரூஸ் சேன்ஸ்பரி. முதல் தொகுதி 1907இலும் இறுதித் தொகுதி 1938இலும் ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்தன. முன்னுரைகள் பெரும்பாலும் வில்லியம் ஃபாஸ்டருடையவை. அவர் இந்தியா அலுவலகத்தின் புகழ்பெற்ற ஆவண அறிஞர். பிரான்சிஸ் டே 1639இல் நாயக்கரிடம் உரிமை பெற்று, சோழமண்டலக் கரையில் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்த ஆண்டுகள் முதலிரு தொகுதிகளின் எல்லைக்குள் அடங்கும். அவ்வாண்டுகளில் இலண்டனில் கூடிய இயக்குநர்கள் மிளகு விலையையும் கப்பல் செலவையும் பணியாளர் முறையீடுகளையும் எவ்வாறு கையாண்டனர் என்பதை அறிய விரும்பும் ஆய்வாளர் இன்றும் முதலில் கையிலெடுப்பது அத்தொகுதிகளையே. அவற்றின் ஒவ்வொரு பத்தியையும் மூலக் குறிப்பேட்டிலிருந்து படித்துச் சுருக்கி எழுதியவர் எத்தெல் சேன்ஸ்பரி.